ஒரே கூரை, மூன்று அட்ஜஸ்டர்கள்: அமெரிக்காவில் எந்த லைசென்ஸ் எடுப்பது?

ஊரில் வண்டி இடித்துவிட்டால் "சர்வேயர் வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்பார்கள். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்பவர் அட்ஜஸ்டர். இந்தியாவில் சர்வேயர் ஆக பொறியியல் போன்ற ஒரு தகுதியும் பயிற்சிக் காலமும் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 18 வயது, ஒரு தேர்வு, கைரேகை, ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். சில வாரங்களில் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும்.

இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தான் தப்பான லைசென்ஸ் எடுப்பவர்களும் அதிகம். ஒஹாயோவில் குடியிருந்துகொண்டு "எங்க ஸ்டேட் தேர்வு எப்போ?" என்று தேடுவார்கள். அங்கே காப்பீட்டு நிறுவனத்துக்காக வேலை செய்யும் அட்ஜஸ்டருக்கு லைசென்ஸே கிடையாது. வேறு சிலர் ஒரு வேலைகூடக் கிடைக்கும் முன் பத்துப் பன்னிரண்டு மாநில லைசென்ஸ்களை வாங்கி அடுக்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பார்த்து முழிப்பார்கள்.

முதலில் விசா

எச்1பி விசாவில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். சனி ஞாயிறில் ஒப்பந்த அட்ஜஸ்டராகப் போய் 1099 படிவத்தில் பணம் வாங்கினால் அது விசா மீறல். "தேர்வு எழுதவிட்டார்களே, லைசென்ஸும் கொடுத்துவிட்டார்களே" என்று வாதாட முடியாது. லைசென்ஸ் கொடுப்பது மாநிலக் காப்பீட்டுத் துறை, வேலை அனுமதி கொடுப்பது மத்திய அரசு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், வேலை அனுமதி அட்டை வாங்கிய எச்4 துணைவர்களுக்கும் இந்தத் தடை இல்லை.

யார் பக்கம் நிற்கப் போகிறீர்கள்?

டெக்சஸில் ஏப்ரல் மாத ஆலங்கட்டி மழை ஒன்று. வீட்டுக் கூரையின் ஷிங்கிள், அதாவது ஓடு போல மேலே வேய்ந்த தார் அட்டை, அடிபட்டிருக்கிறது. அட்ஜஸ்டர் ஏணி போட்டு ஏறுகிறார். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் சாக்பீஸால் 10 அடிக்கு 10 அடி சதுரம் ஒன்று வரைந்து, அதற்குள் விழுந்த அடிகளை எண்ணுகிறார். புது அடி என்றால் ஷிங்கிள் மேல் உள்ள மணற்பரல் உதிர்ந்து கருப்பு தெரியும். விரலால் தொட்டால், கனிந்த மாம்பழத்தை அழுத்திய இடம் போல அமுங்கும். தகரக் குழாயிலும் மழைநீர் வடிகாலிலும் பள்ளம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். தகரத்தில் ஒரு பள்ளம்கூட இல்லாமல் ஷிங்கிளில் மட்டும் வட்டவட்டமாக அடி இருந்தால் யாராவது சுத்தியலோடு ஏறியிருக்கலாம்.

இறங்கி வந்து கணக்குப் போடுகிறார். புதுக்கூரை போட 18,000 டாலர். பழைய கூரை என்பதால் தேய்மானம் 6,000 கழிகிறது. வீடு 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டது, ஆலங்கட்டிக்கு டிடக்டபிள் (வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய பங்கு) 2 சதவீதம், அதாவது 8,000. ஆக முதல் காசோலை வெறும் 4,000. வேலையை முடித்து ரசீது காட்டினால், பாலிசி அனுமதித்தால், தேய்மானத்தில் பிடித்த 6,000 பிறகு வரும். "18,000 ரூபாய் வேலைக்கு நாலாயிரமா?" என்று வீட்டுக்காரர் குரல் உயர்த்துவது இந்த இடத்தில்தான். (நம்மவர்கள் டாலரையும் ரூபாய் என்றுதான் சொல்வார்கள்.)

இந்தக் கூரையில் ஏறக்கூடியவர்கள் மூன்று வகை. லைசென்ஸ் பிரிவதும் இங்கிருந்துதான்.

முதலாமவர் ஸ்டாஃப் அட்ஜஸ்டர். காப்பீட்டு நிறுவனத்தின் மாதச் சம்பளக்காரர். மருத்துவக் காப்பீடு, விடுமுறை, பெரும்பாலும் நிறுவன மடிக்கணினி, சில இடங்களில் காரும் உண்டு. லைசென்ஸ் கட்டணத்தைப் பொதுவாக நிறுவனமே கட்டும், எந்தெந்த மாநிலம் என்பதையும் அதுவே சொல்லும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஸ்டாஃபுக்கு லைசென்ஸே தேவையில்லை. டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் தேவை. இந்தப் பக்கம் போக நினைப்பவர் தன் காசில் லைசென்ஸ் எடுத்தால் விண்ணப்பத்துக்கு எடை கூடும், ஆனால் கட்டாயமில்லை. வேலை கிடைத்த பிறகு அவர்களே பயிற்சி கொடுத்து எடுக்கவைப்பார்கள்.

இரண்டாமவர் இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர். பெயரைப் பார்த்து நடுநிலையாளர் என்று நினைத்துவிடாதீர்கள். இவரும் காப்பீட்டு நிறுவனத்துக்காகத்தான் வேலை செய்கிறார், ஆனால் சம்பளக்காரர் இல்லை. இடையில் ஒரு அட்ஜஸ்டிங் நிறுவனம் இருக்கும். புயல் வந்தால் அது இவரைக் கூப்பிடும். கூலி க்ளெய்ம் கணக்கில். க்ளெய்ம் தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறும் ஒரு அட்டவணை உண்டு, அதில் பொதுவாக 60 முதல் 70 சதவீதம் அட்ஜஸ்டருக்கு வரும். ஒரு கோப்புக்கு 500 டாலர் பில் போனால், 65 சதவீதத்தில் உங்களுக்கு 325. பெட்ரோல், ஓட்டல், ஏணி, சாஃப்ட்வேர் எல்லாம் உங்கள் செலவு. தன்தொழில் வரி 15.3 சதவீதம், வருமான வரி தனி. இரண்டையும் நான்கு தவணையாக ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ம் தேதிகளில் கட்ட வேண்டும். "புயல் சீசனில் லட்சம் டாலர்" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிறுவனங்கள் இந்தக் கழிவுகளைச் சொல்வதில்லை. புயலே வராத வருடத்தையும் சொல்வதில்லை.

மூன்றாமவர் பப்ளிக் அட்ஜஸ்டர். இவர் மட்டும்தான் பாலிசிதாரர் பக்கம். அந்த 18,000 கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு "கூரை ஓரத்துத் தகடு எங்கே? அடிவிரிப்பு எங்கே? வேலிக்கும் அடி பட்டிருக்கிறதே? தேய்மானம் ஏன் இவ்வளவு?" என்று நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்பவர். கூலி, கிடைக்கும் தொகையில் சதவீதம். டெக்சஸில் உச்சவரம்பு 10 சதவீதம். ஃப்ளோரிடாவில் ஆளுநர் அவசர நிலை அறிவித்த பேரிடர் என்றால் முதல் ஒரு வருடத்துக்கு 10 சதவீதம், மற்றவற்றுக்கு 20. இதற்கு முற்றிலும் தனி லைசென்ஸ், தனித் தேர்வு, அதோடு ஜாமீன் பத்திரம்: டெக்சஸில் 10,000 டாலருக்கு, ஃப்ளோரிடாவில் 50,000 டாலருக்கு. முதல் இரண்டு வகைக்கு லைசென்ஸ் கேட்காத மாநிலங்களிலும் பெரும்பாலானவை பப்ளிக் அட்ஜஸ்டருக்குக் கேட்கும்.

புதியவர்கள் மூன்றாவது வகையில் நேராகக் குதிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கமிஷன் கண்ணைப் பறிக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரியாமல் அந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று வருடம் ஸ்டாஃபாகவோ இண்டிபெண்டன்டாகவோ நூற்றுக்கணக்கான கூரைகள் ஏறிவிட்டு வருபவரே அங்கே நிலைக்கிறார். ஃப்ளோரிடாவில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வேலை செய்ய முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கூரை ஒப்பந்தக்காரர்களுக்கு இன்னொன்று: டெக்சஸில் நீங்கள் பழுதுபார்க்கும் வீட்டுக்கே நீங்கள் பப்ளிக் அட்ஜஸ்டராகப் பேசக் கூடாது. "க்ளெய்மை நானே முடிச்சுத் தரேன்" என்று வாய்விட்டால் லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்த குற்றமாகிவிடும்.

எந்த மாநிலம்?

விதி எளிது: நீங்கள் குடியிருக்கும் மாநிலம் அட்ஜஸ்டர் லைசென்ஸ் கொடுக்கிறதென்றால் முதல் லைசென்ஸ் அங்கேதான். டெக்சஸ்காரர் டெக்சஸில், ஃப்ளோரிடாக்காரர் ஃப்ளோரிடாவில். ஃப்ளோரிடா லைசென்ஸ்களுக்கு எண்கள் உண்டு. உள்ளூர்க்காரரின் ஆல் லைன்ஸ் (எல்லாப் பிரிவும் சேர்ந்தது) 6-20, வெளிமாநிலத்தவருக்கு 70-20, பப்ளிக் அட்ஜஸ்டருக்கு 3-20. விண்ணப்பத்தில் எண் மாறினால் கட்டிய பணம் போய்விடும், கவனம்.

இல்லினாய், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, வர்ஜீனியா, கொலராடோ போன்ற மாநிலங்கள் ஸ்டாஃபுக்கும் இண்டிபெண்டன்டுக்கும் லைசென்ஸ் கொடுப்பதே இல்லை. நியூ ஜெர்சியின் எடிசன் பக்கமோ சிகாகோ புறநகரிலோ இருக்கும் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். உள்ளூரில் வேலை செய்ய லைசென்ஸ் வேண்டாம், ஆனால் புயல் அடிக்கும் மாநிலத்துக்குப் போக வேண்டும். இவர்களுக்காக இருப்பதுதான் டிஎச்எஸ் (டெசிக்னேட்டட் ஹோம் ஸ்டேட்) எனப்படும் ஏற்பாடு. டெக்சஸையோ ஃப்ளோரிடாவையோ உங்கள் "சொந்த மாநிலம்" என்று காகிதத்தில் அறிவித்து, அந்த மாநிலத் தகுதியை முடித்து லைசென்ஸ் வாங்கலாம். எந்த மாநிலத்துக்கு வேலைக்குப் போக நினைக்கிறீர்களோ அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆலங்கட்டி என்றால் டெக்சஸ், சூறாவளி என்றால் ஃப்ளோரிடா. எல்லா மாநிலங்களும் டிஎச்எஸ் லைசென்ஸை ஒரே மாதிரி மதிப்பதில்லை. அடுத்து போக விரும்பும் இரண்டு மூன்று மாநிலங்களின் காப்பீட்டுத் துறைத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இதை மாற்றிச் செய்பவர்கள் உண்டு. தன் மாநிலமே லைசென்ஸ் கொடுக்கும்போது, அங்கே தேர்வு கடினம் என்று டெக்சஸ் டிஎச்எஸ் எடுக்கப் போவார்கள். குடியிருக்கும் முகவரியை வைத்து விண்ணப்பம் திரும்பி வரும்.

கலிஃபோர்னியா, நியூயார்க் இரண்டும் தனிக் கதை. கலிஃபோர்னியாவில் இண்டிபெண்டன்ட் லைசென்ஸுக்கு இரண்டு வருட அனுபவம், தேர்வு, 2,000 டாலர் ஜாமீன் பத்திரம் கேட்கிறார்கள். நியூயார்க் வெளிமாநில லைசென்ஸைப் பார்த்துத் தன் தேர்வைத் தள்ளுபடி செய்வதில்லை, அதுவும் தீ, வாகனம், விபத்து என்று பிரிவு பிரிவாகத் தேர்வு. புதியவர் இந்த இரண்டையும் முதலில் தொட வேண்டியதில்லை. அங்கேயே குடியிருப்பவர் ஸ்டாஃப் வேலையில் சேர்ந்து தொடங்குவது நல்லது.

எந்தப் பிரிவு?

டெக்சஸை எடுத்துக்கொள்வோம். அங்கே மூன்று தெரிவு: சொத்து மற்றும் விபத்து, தொழிலாளர் இழப்பீடு, இரண்டும் சேர்ந்த ஆல் லைன்ஸ். தொழிலாளர் இழப்பீட்டுப் பாடம் பலருக்குக் கசக்கும். அதைத் தவிர்க்கவே முதல் பிரிவை மட்டும் எடுப்பார்கள். மிச்சமாவது கொஞ்சம் படிப்பு. இழப்பது, பிறகு வேறு மாநிலம் போகும்போது ஆல் லைன்ஸ் இருந்தால் கிடைக்கும் எளிமை. ஆல் லைன்ஸ் எடுங்கள். வீடு, கார், கடை, தொழிலாளி காயம் எல்லாம் அதில் அடக்கம்.

ஏணி ஏற முடியாது, பயணமும் வேண்டாம் என்பவர்கள் தொழிலாளர் இழப்பீட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். மேசை வேலை, நிலையான சம்பளம். மருத்துவ அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்பவர்களுக்கு, முன்பு செவிலியராகவோ மருத்துவ பில்லிங்கிலோ இருந்தவர்களுக்கு, நன்றாகக் கைகொடுக்கும். புயல் அடித்தால்தான் சோறு என்ற நிலையும் இல்லை.

கார் மட்டும் பார்க்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை: மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் வாகனச் சேதம் மதிப்பிட தனி அப்ரெய்சர் லைசென்ஸ் இருக்கிறது. அட்ஜஸ்டர் லைசென்ஸைக் காட்டி அதைச் செய்ய முடியாது. பயிர்க் காப்பீடு இன்னொரு உலகம், அதற்குக் கேப் என்னும் தனித் தகுதித் தேர்வு. வெள்ளமும் அப்படித்தான். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பார்க்க மாநில லைசென்ஸ் போதாது. நான்கு வருட சொத்துச் சேத அனுபவத்தோடு தனி அங்கீகாரம் வேண்டும். "சூறாவளிக்குப் பிறகு வெள்ள க்ளெய்மில்தான் காசு" என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு முதல் வருடத்தில் அந்தக் கதவு திறக்காது.

டெக்சஸ் ஆல் லைன்ஸ்: படிப்படியாக

1. மாநிலம் அங்கீகரித்த 40 மணி நேரப் பாடத்தில் சேருங்கள். ஆன்லைனிலும் இருக்கிறது. அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் மாநிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பணம் கட்டும் முன் "தேர்வு இதிலேயே சேர்ந்ததா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பெயருக்கு 'தேர்வுத் தயாரிப்பு' வகுப்பு நடத்துபவர்கள் உண்டு. அதை முடித்தாலும் மாநிலத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

2. சான்றிதழ் 12 மாதம் செல்லும். பாடத்தை முடித்துவிட்டு விண்ணப்பத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டு, திரும்ப 40 மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

3. கைரேகை. டெக்சஸில் ஐடென்டோகோ மையத்தில் நேரம் பதிவு செய்து போக வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்குக் கைரேகை அட்டையை அஞ்சலில் அனுப்பும் வழி உண்டு.

4. விண்ணப்பம். சிர்கான் அல்லது என்ஐபிஆர் தளம் வழியாக, கட்டணம் 50 டாலர்.

நம்மவர்கள் சிக்குவது பெயரில். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்காது. ஒரே பெயர் அல்லது அப்பா பெயர், அல்லது முன்னெழுத்து. விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒருவிதம், சமூகப் பாதுகாப்பு அட்டையில் இன்னொரு விதம். கைரேகை மையத்தில் உரிமத்தைக் காட்டி ஒரு பெயரில் பதிவாகும், விண்ணப்பத்தில் வேறு பெயர் போகும். இரண்டும் பொருந்தாமல் கோப்பு அப்படியே கிடக்கும். பாடத்தில் பெயர் கொடுக்கும் நாளிலேயே, ஓட்டுநர் உரிமத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள். உரிமமும் சமூகப் பாதுகாப்பு அட்டையும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அடுத்தது பின்னணிக் கேள்விகள். பழைய வழக்கு எதுவாக இருந்தாலும், குடித்துவிட்டு ஓட்டியது உட்பட, கேள்வி கேட்டபடி பதில் சொல்லி நீதிமன்றத் தாளை இணைத்துவிடுங்கள். சின்ன வழக்கு பெரும்பாலும் லைசென்ஸைத் தடுப்பதில்லை. மறைத்தது கைரேகையில் தெரிந்தால் அதுவே தடுக்கும். நேர்மையின்மை தொடர்பான பெருங்குற்றத் தீர்ப்பு இருந்தால் மட்டும் விஷயம் வேறு. மத்தியச் சட்டப்படி, காப்பீட்டுத் துறையின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இந்தத் தொழிலுக்கே வர முடியாது.

எப்போது விண்ணப்பிப்பது? ஆலங்கட்டி வசந்த காலத்தில், அட்லான்டிக் சூறாவளி சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எனவே ஜனவரி, பிப்ரவரியில் முடித்துவிட வேண்டும். 2017 ஆகஸ்டில் ஹார்வி ஹூஸ்டனை மூழ்கடித்தது போன்ற பேரிடர்களில் மாநிலங்கள் அவசரத் தற்காலிக லைசென்ஸ் கொடுப்பதும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிறுவனம் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், காலமும் குறைவு. அதை நம்பிக் காத்திருப்பது திட்டமாகாது.

அடுத்த மாநிலங்கள்

சொந்த மாநில லைசென்ஸ் கிடைத்ததும் பல மாநிலங்கள் தேர்வு இல்லாமலே வெளிமாநில லைசென்ஸ் தரும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம், செயலாக்கக் கட்டணம், சிலவற்றில் மீண்டும் கைரேகை. தொடக்கத்தில் சொந்த மாநிலத்தோடு இரண்டு மூன்று போதும். டெக்சஸில் இருப்பவருக்கு லூசியானா, ஓக்லஹோமா, ஃப்ளோரிடா என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் காரிலேயே போய்விடும் தூரம். ஃப்ளோரிடாவில் லைசென்ஸ் வாங்கினால் மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் கீழோ, இண்டிபெண்டன்டாகத் தன் பெயரிலோ 'அப்பாயின்ட்மென்ட்' பதிவாக வேண்டும். அது இல்லாமல் ஒரு க்ளெய்மைத் தொட்டாலும் தவறுதான்.

லைசென்ஸ் சொல்லித்தராதது

அட்ஜஸ்டிங் நிறுவனங்கள் லைசென்ஸுக்கு அடுத்தபடியாகக் கேட்பது எக்ஸாக்டிமேட் தெரியுமா என்பது. மேலே சொன்ன 18,000 டாலர் மதிப்பீட்டைப் போடும் சாஃப்ட்வேர் அதுதான். கூரையை வரையவும், சமையலறை ஒன்றை அறை அளவோடு போடவும் வீட்டிலேயே பழகுங்கள். உங்கள் வீட்டையே அளந்து போட்டுப் பாருங்கள், முதல் தடவை அரை நாள் ஆகும். களத்தில் அவ்வளவு நேரம் கிடைக்காது. காரில் மடித்து வைக்கும் ஏணி, சரிவு அளக்கும் கருவி, அளவு நாடா, சாக்பீஸ், பிடிமானமுள்ள காலணி. முதல் காசோலை வர நான்கு முதல் ஆறு வாரம் ஆவது சகஜம். அதுவரை ஓட்டலுக்கும் பெட்ரோலுக்கும் கையில் பணம் இருக்க வேண்டும். கடன் அட்டையை நம்பிப் புறப்பட்டவர்கள், கோப்புகள் திருத்தத்துக்குத் திரும்பி வரும்போது திணறுவார்கள். புகைப்படம் போதவில்லை, சரிவு தவறு, டிடக்டபிள் விட்டுப்போனது என்று திரும்பிய கோப்புக்கு, சரிசெய்யும் வரை பணம் வராது.

புதுப்பித்தல்

டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரத் தொடர்கல்வி, அதில் தொழில்நெறிப் பாடமும் கட்டாயம். கடைசி வாரத்தில் சீசன் நடுவில் மாட்டிக்கொள்ளாமல், வேலை இல்லாத டிசம்பரில் முடித்துவிடுங்கள். வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியை மாற்றுங்கள். வேறு மாநிலத்துக்கே குடிபோனால் வெறும் முகவரி மாற்றம் போதாது, சொந்த மாநிலமே மாறுகிறது, புது மாநிலத்தில் உள்ளூர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சொந்த மாநில லைசென்ஸ் காலாவதியானால் அதை வைத்து வாங்கிய மற்ற மாநில லைசென்ஸ்களும் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போகும். அதனால் நாட்காட்டியில் குறிக்க வேண்டிய முதல் தேதி சொந்த மாநிலத்தினுடையது.